நம்பகமற்ற கதைசொல்லியும் கலைந்த காலமும்: ஒரு குடும்பம் நொடித்த கதையை வைத்து எளிய விளக்கம்

படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ‘இதுவரை பார்த்ததெல்லாம் நாயகனின் மனப்பிரமை’ என்று ஒரு திருப்பம் வைத்தால் போதும், மறுநாள் விமர்சனங்களில் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ வந்து உட்கார்ந்துவிடுகிறார். பிளாஷ்பேக் இரண்டு முன்பின்னாக வந்தால் அது ‘நான்-லீனியர்’. நாவல்களைப் பற்றிய பேச்சிலும் இதே கதைதான். பொய் சொல்கிறவன் நம்பகமற்ற கதைசொல்லி. வாசகனைக் குழப்பவோ ஆசிரியரின் சாமர்த்தியத்தைக் காட்டவோ கலைத்துப் போடுவது கலைந்த காலம். பொதுவில் உலவும் புரிதல் இவ்வளவுதான். இரண்டுமே பாதிக்கு மேல் தவறு.

இரண்டையும் சேர்த்து விளக்கத் தோதான நாவல் ஒன்று இருக்கிறது. வில்லியம் ஃபாக்னர் எழுதி 1929 அக்டோபரில் வெளிவந்த ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்த ஒரு குடும்பம் நொடித்துப்போகும் கதை. ‘படிக்கவே முடியாது’ என்று பெயரெடுத்த நாவல். ஆரம்பத்திலேயே மூடி வைத்தவர்கள் ஏராளம். இந்தக் கட்டுரையில் கதையை வெளிப்படையாகவே சொல்கிறேன். என்ன நடந்தது என்று முன்பே தெரிந்தால் சுவை கெடும் நாவல் இதுவல்ல. தெரிந்திருந்தால்தான் பலருக்குக் கதவே திறக்கிறது.

## சொத்து எப்படிப் போச்சு?

நன்றாக வாழ்ந்து கெட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரிடம் தனித்தனியாகப் போய், “உங்க சொத்தெல்லாம் எப்படிப் போச்சு?” என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். மூத்தவர் நிலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். தங்கைக்கு நடந்த கல்யாணத்தைப் பற்றியே சுற்றிச் சுற்றி வருவார். நடுவில் சட்டென்று மௌனமாகிவிடுவார். அடுத்தவர் கணக்கைத் திறப்பார்: அண்ணன் படிப்புக்கு இவ்வளவு, தங்கை கல்யாணத்துக்கு இவ்வளவு, எனக்கு என்ன செய்தார்கள்? தான் எடுத்துக்கொண்டது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அல்லது வரும், ‘எனக்கு உரியது’ என்ற பெயரில். மூன்றாமவருக்கு உலக விவரம் தெரியாது. தோட்டத்தில் மரம் இருந்தது, அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள் என்பார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது.

மூவரில் யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வெளியே வந்து பஸ் ஏறும்போது உங்கள் மனதில் ஒரு கதை உருவாகியிருக்கும். அது மூவரில் யாரும் சொல்லாத கதை. ஒருவர் தாண்டிப் போனதை இன்னொருவர் வாய்தவறிச் சொன்னதோடு ஒட்டவைத்து நீங்களே செய்துகொண்டது. அந்த ஒட்டவைக்கும் வேலையை வாசகரிடம் ஒப்படைக்கும் நாவல்களைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறோம்.

## மூன்று சொற்கள்

கதைசொல்லி என்பவர் ஆசிரியர் அல்லர். கதைக்குள் நின்று நமக்குச் சொல்கிற குரல்தான் கதைசொல்லி. அந்தக் குரல் ‘நான்’ என்று பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஃபாக்னர் வேறு, அவர் நாவலில் ‘நான்’ என்று பேசுகிற ஜேஸன் வேறு.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற சொல்லை விமர்சகர் வேய்ன் பூத் 1961-இல் எழுதிய ‘தி ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்’ நூலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். படைப்பு முழுவதுமாக நமக்குப் புரியவைப்பதும் கதைசொல்லி சொல்வதும் விலகி நிற்கும்போது, அவர் நம்பகமற்றவர். இதில் ‘பொய்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலகல் எதனால் வேண்டுமானாலும் வரலாம்: அறியாமை, தாங்க முடியாத வலி, தன்னலம், வயது, போதை. இன்னொன்று, அந்த விலகலைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயம் நூலுக்குள்ளேயே இருக்க வேண்டும். தடயம் வைக்காமல் கடைசிப் பக்கத்தில் ‘ஏமாந்தாயா?’ என்று கேட்பது வேறு வகைச் சமாச்சாரம். அதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

கலைந்த காலம் என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு வரிசைகளைப் பிரித்துப் பாருங்கள். நிகழ்ச்சிகள் நடந்த வரிசை ஒன்று. அவை சொல்லப்படும் வரிசை மற்றொன்று. பிளாஷ்பேக்கிலும் இவை இரண்டும் வேறுபடும். ஆனால் பிளாஷ்பேக் சொல்லிவிட்டுப் போகும், சொல்லிவிட்டுத் திரும்பும்: ‘பத்து வருடங்களுக்கு முன்…’ என்று ஒரு பலகை தொங்கும். கலைந்த காலத்தில் பலகை கிடையாது. அதைவிட முக்கியம், அந்தப் பாத்திரத்துக்கே தான் பழைய நாளுக்குப் போயிருக்கிறோம் என்ற உணர்வு இருக்காது. அவருக்கு அது நினைவு இல்லை, இப்போது நடப்பது.

இவை இரண்டும் தனித்தனி உத்திகள் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். இந்த நாவலில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒவ்வொருவரும் எந்த விதத்தில் நம்ப முடியாதவரோ அந்த விதத்தில்தான் அவருடைய காலமும் கலைந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

## காம்ப்ஸன் வீடு

யோக்னபடாஃபா என்ற கற்பனை மாவட்டம். அதில் ஜெஃபர்சன் என்ற ஊர். அப்பா ஜேஸன் காம்ப்ஸன், குடிக்கிறவர், எதிலும் நம்பிக்கை இழந்தவர். அம்மா கேரலின், எப்போதும் படுக்கையில், எப்போதும் தன் துயரம். பிள்ளைகள் நால்வர்: குவென்டின், மகள் கேடி, அப்பா பெயரையே கொண்ட ஜேஸன், கடைக்குட்டி பெஞ்சி. அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்கள் கறுப்பின வேலைக்காரர்கள். டில்ஸி, அவள் கணவன், பிள்ளைகள், பேரன்.

நடந்தது இது. 1898-இல் பாட்டி இறந்துபோகிறாள். குழந்தைகளிடம் விஷயத்தைச் சொல்லாமல் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஓடையில் விளையாடிச் சேறான உள்ளாடையோடு கேடி பேரி மரத்தில் ஏறி ஜன்னல் வழியே உள்ளே பார்க்கிறாள். மற்ற பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். இந்த ஒரு காட்சியிலிருந்துதான் நாவலே தொடங்கியது என்று ஃபாக்னர் பின்னாளில் பலமுறை சொன்னார். வளர்ந்த கேடி கல்யாணத்துக்கு முன்பே கருவுறுகிறாள். அவசரமாக 1910 ஏப்ரலில் ஹெர்பர்ட் ஹெட் என்பவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். குழந்தை தன்னுடையதல்ல என்று தெரிந்ததும் அவன் கைவிடுகிறான். ஜேஸனுக்கு அவன் தருவதாகச் சொல்லியிருந்த பேங்க் வேலையும் போகிறது. குவென்டினை ஹார்வர்டில் படிக்கவைக்கவும் கேடியின் கல்யாணச் செலவுக்குமாக, பெஞ்சிக்குப் பிரியமான மேய்ச்சல் நிலத்தை விற்கிறார்கள். குவென்டின் ஒரு வருடம் படித்து முடித்து 1910 ஜூன் 2-இல் ஆற்றில் விழுந்து உயிரை விடுகிறான். அப்பா குடித்தே சாகிறார். கேடியின் மகள் (அவளுக்கும் குவென்டின் என்றே பெயர்) பாட்டி வீட்டில் மாமன் ஜேஸனின் கண்காணிப்பில் வளர்கிறாள். 1928 ஈஸ்டரை ஒட்டிய இரவில் ஜேஸன் பூட்டி வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

நான் இங்கே ஒரு பத்தியில் சொன்னதை நாவல் ஒரு இடத்திலும் இப்படிச் சொல்வதில்லை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒரு தேதி. 1928 ஏப்ரல் 7, பெஞ்சி. 1910 ஜூன் 2, குவென்டின். 1928 ஏப்ரல் 6, ஜேஸன். 1928 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு. இதில் மட்டும் ‘நான்’ கிடையாது. முதல் பார்வைக்கே தெரிகிறது, தேதிகளே வரிசையில் இல்லை.

சுருக்கமாக: கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு. நம்பகமின்மை என்றால் பொய் என்று பொருளல்ல, விலகல். கலைந்த காலம் என்றால் பலகை இல்லாத தாவல். இனி ஆளாளுக்குப் பார்க்கலாம்.

## பெஞ்சி: காலமே இல்லாதவன்

பெஞ்சிக்கு 33 வயது. அன்று அவன் பிறந்தநாள். பேச்சு கிடையாது. மூளை வளர்ச்சி சிறு குழந்தையோடு நின்றுவிட்டது. நாவலின் முதல் வரியில் அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் ஆட்கள் எதையோ அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். கோல்ஃப் என்ற சொல் அவனிடம் இல்லை. அடிக்கிறார்கள், நடக்கிறார்கள், கொடியை எடுக்கிறார்கள், வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆட்டக்காரர் ஒருவர் மட்டைகளைத் தூக்கிவரும் பையனை ‘கேடி’ என்று கூப்பிடுகிறார். பெஞ்சி அழ ஆரம்பிக்கிறான். பார்த்துக்கொள்ளும் பையன் லஸ்டர் அதட்டுகிறான். எதற்கு அழுகிறான் என்று நமக்குச் சொல்ல ஆளில்லை. பல பக்கங்கள் போன பிறகுதான் புரிகிறது: அவன் அக்காவின் பெயர் அது. அவள் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. கோல்ஃப் மைதானமாக இருப்பது அவர்கள் விற்ற அதே மேய்ச்சல் நிலம்.

நிலம் போனது, அக்கா போனது, போனது திரும்பாது என்பது அவனுக்கு மட்டும் தெரியாதது. குடும்பத்தின் மொத்த வீழ்ச்சியும் அந்த முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது என்னவென்று தெரியாது.

அடுத்து நடப்பதில்தான் இயந்திரம் வெளியே தெரிகிறது. லஸ்டரோடு வேலியின் சந்தில் நுழையும்போது பெஞ்சியின் உடை ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறது. லஸ்டர் சலித்துக்கொள்கிறான். அடுத்த வரி: கேடி ஆணியிலிருந்து விடுவித்தாள், நாங்கள் நுழைந்து போனோம். அவ்வளவுதான். இடையில் விளக்கமில்லை. அதே ஆணி, அதே சந்து, ஆனால் சுமார் கால் நூற்றாண்டு பின்னால். கடுங்குளிர் டிசம்பர், அக்கா கூட இருக்கிறாள். ஆங்கில மூலத்தில் எழுத்து சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வெழுத்துதான் தாவல் நடக்கிறது என்பதற்கான ஒரே அடையாளம், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

தாவல் தற்செயலாக நடப்பதில்லை. ஒரு தொடுகை, ஒரு வாசனை, ஒரு சொல், ஒரு இடம். இவற்றில் ஒன்று பொறி தட்டும். பெஞ்சிக்கு ‘அன்று’, ‘இன்று’ என்ற பிரிவினையே கிடையாது என்பதால் பொறி தட்டியதும் அவன் அங்கே இருப்பான். நினைவுகூர்கிறவனுக்கு ‘இது முடிந்துபோனது’ என்ற அறிவு வேண்டும். அது இல்லாதவன் எதையும் நினைவுகூர முடியாது. மறுபடி வாழத்தான் முடியும்.

அப்படியானால் இவன் எவ்விதத்தில் நம்பகமற்றவன்? அவன் பகுதியில் திரிபு ஒன்றுகூடக் கிடையாது. கேட்ட பேச்சை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறான். இல்லாதது ‘ஏனென்றால்’ மட்டும்தான். கேடி மரங்களைப் போல மணப்பாள் என்பான். ஒருநாள் அவள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வர, இவன் கதறுகிறான். அவள் போய்க் கழுவிவிட்டு, புட்டியை டில்ஸிக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் அறிந்தது வாசனை மாறியதை மட்டும். அவள் பெரியவளாகி இந்த வீட்டைவிட்டு விலகத் தொடங்கிவிட்டாள் என்று அறிவது நாம்.

கடினமான உதாரணம் ஒன்று. கேடி போன பிறகு அவன் தினமும் வாசல் கேட்டில் நின்று, பள்ளிவிட்டு வரும் சிறுமிகளைப் பார்ப்பான். பள்ளிவிட்டு வரும் அக்காவுக்காகக் காத்து நின்ற பழைய பழக்கம். ஒருநாள் கேட் பூட்டப்படவில்லை. வெளியே போய் ஒரு பெண்ணைப் பிடிக்கிறான். தான் எதையோ சொல்ல முயன்றதாகத்தான் அவன் கணக்கில் இருக்கிறது. ஊர் அப்படிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவனுக்கு ஆண்மை நீக்க அறுவை செய்துவிடுகிறார்கள். இதை அவன் எங்கும் சொல்வதில்லை. உடை மாற்றும்போது தன்னைக் குனிந்து பார்த்து அழுகிறான். தேடிப் பயனில்லை, அது போய்விட்டது என்கிறான் லஸ்டர். வாசகர்கள் பலர் முதல் வாசிப்பில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வழி தவறாமல் இருக்க ஒரு கைகாட்டி உண்டு. பெஞ்சியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். வெர்ஷ் என்றால் சிறுவயது. டி.பி. என்றால் கல்யாணத்தை ஒட்டிய ஆண்டுகள். லஸ்டர் என்றால் 1928. அவனை ‘மோரி’ என்று கூப்பிட்டால் இன்னும் பழசு. மாமன் பெயரான அதை, பிள்ளை இப்படி என்று தெரிந்ததும் அம்மா 1900-இல் மாற்றிவிட்டாள். தன் பெயர் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பதும் வீழ்ச்சிக் கதைதான்.

காலங்களை வெவ்வேறு நிற மையில் அச்சிட வேண்டும் என்று ஃபாக்னர் ஆசைப்பட்டார். அந்நாளைய அச்சுத்தொழிலில் அது நடக்கவில்லை. 2012-இல் லண்டனின் ஃபோலியோ சொசைட்டி 14 நிறங்களில் அப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. அழகான புத்தகம்தான். ஆனால் தொலைந்துபோகிற அனுபவத்தை நிறம் போக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். பெஞ்சிக்கு நிறம் காட்டிக்கொடுக்க யாரும் இல்லையே.

## குவென்டின்: காலத்தை நிறுத்தப் பார்த்தவன்

பதினெட்டு வருடம் பின்னால், ஆயிரம் மைலுக்கும் அப்பால், ஹார்வர்ட் விடுதி அறை. காலையில் கடிகாரச் சத்தத்தில் விழிக்கிறான். தாத்தாவின் கடிகாரம்; அப்பா கொடுத்தது. கண்ணாடியை உடைத்து முட்களைப் பிய்த்து எறிகிறான். முள் இல்லாமலும் அது டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கடிகாரக் கடைக்குப் போய், ஜன்னலில் வைத்திருப்பவற்றில் ஏதாவது ஒன்று சரியான நேரம் காட்டுகிறதா என்று கேட்கிறான், நேரம் என்னவென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்கிறான். பிறகு இரண்டு இரும்பு இஸ்திரிப் பெட்டிகள் வாங்குகிறான். எதற்கென்று அவன் சொல்வதில்லை. ஆற்றில் மூழ்க எடை வேண்டும்.

பெஞ்சிக்குப் புரிந்துகொள்ளும் சக்தி கிடையாது. குவென்டினுக்கு அது தேவைக்கு மேல் இருக்கிறது. தாங்கும் சக்திதான் இல்லை. அவனைக் கொல்வது கேடியின் ‘மானம்’ பற்றிய எண்ணம். தெற்கத்திப் பெரிய குடும்பத்தின் கௌரவம் முழுவதையும் ஒரு பெண்ணின் கற்பில் ஏற்றி வைத்தவன் அவன். (இந்த நோயை விளக்கத் தமிழ் வாசகர்களுக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை.) கேடியோடு தகாத உறவு கொண்டது நான்தான் என்று அப்பாவிடம் சொல்கிறான். அது நடக்காதது. யாரோ ஒருவனோடு அவள் சாதாரணமாக வாழ்ந்துவிட்டாள் என்பதைவிட, இருவரும் சேர்ந்து நரகத்துக்குப் போகும் பெரும்பாவம் அவனுக்குத் தேவலாம் போலிருக்கிறது. நரகத்தில் காலம் ஓடாதே. அப்பாவோடான அந்தப் பேச்சே நடந்ததா, அவன் மனதுக்குள் நடத்தியதா என்று வாசகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இங்கே எழுத்து நனவோடையாக இருக்கிறது. மனதில் எண்ணங்கள் தோன்றும் ஒழுங்கில், பிறருக்கு விளக்கிச் சொல்லும் முயற்சி இல்லாமல், எழுதிப் போவதே நனவோடை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் மனதை ஓடைக்கு ஒப்பிட்டதிலிருந்து வந்த பெயர். குவென்டின் அமைதியாக இருக்கும்போது வாக்கியங்கள் ஒழுங்காக வருகின்றன. கேடியை நெருங்க நெருங்க நிறுத்தக்குறிகள் உதிர்கின்றன. அவன் நிலைமையைக் காட்டும் அளவுகோலாக இதைக் கொள்ளலாம்.

நம்பகமின்மையும் காலமும் ஒன்றுதான் என்பதற்கு நாவலிலேயே சிறந்த இடம் இந்தப் பகுதியில் இருக்கிறது. அன்று மாலை நண்பர்களோடு இருக்கும்போது குவென்டின் மனம் ஒரு பழைய பாலத்துக்குப் போகிறது. கேடியைக் காதலித்த டால்டன் ஏம்ஸை அங்கே சந்தித்து, பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போ என்று மிரட்டினான், அடிக்கவும் போனான், ஆனால் மயங்கி விழுந்தான். இந்தக் காட்சி பல பக்கம் நீள்கிறது. அதிலிருந்து வெளியே வரும்போது குவென்டின் முகத்தில் ரத்தம். நண்பர்கள் தண்ணீர் வைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் விஷயம் தெரிகிறது: பெண்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்த ஜெரால்ட் பிளாண்ட் என்பவனிடம், உனக்குத் தங்கை உண்டா என்று கேட்டுவிட்டு இவன் அடித்திருக்கிறான். அவன் திருப்பி நன்றாக அடித்திருக்கிறான்.

அதாவது, கண்ணெதிரே நடந்த ஒரு சண்டை கதைசொல்லியின் கணக்கிலேயே இல்லை. சண்டை போட்டவன் அவன்தான், ஆனால் அப்போது அவன் அங்கே இல்லை. பாலத்தில் இருந்தான். அவன் அடித்தது டால்டன் ஏம்ஸை. காலம் கலைந்ததால்தான் தகவல் விடுபட்டது, தகவல் விடுபட்டதால்தான் அவனை நம்ப முடியாது. இரண்டையும் எங்கே வெட்டிப் பிரிப்பீர்கள்?

## ஜேஸன்: தெளிவாகப் பேசுகிறவனிடம் ஜாக்கிரதை

மூன்றாம் பகுதிக்கு வந்ததும் வாசகருக்கு மூச்சு வருகிறது. காலை முதல் இரவு வரை ஒரே நாள், வரிசையாக. வாக்கியங்கள் சுருக், சுருக். நகைச்சுவைகூட இருக்கிறது, கசப்பான நகைச்சுவை. அப்பாடா, ஒருவழியாக ஒழுங்காகப் பேசுகிறவன் கிடைத்தான் என்று சாய்ந்து உட்காருவோம். ஃபாக்னர் வைத்த பொறி அதுதான்.

மகளுக்கென்று கேடி மாதாமாதம் செக் அனுப்புகிறாள். ‘கெட்டுப்போனவள்’ பணம் வேண்டாம் என்று அம்மா அதை எரித்துவிடுவாள். ஜேஸன் அம்மா கையில் போலிச் செக்கைக் கொடுத்து எரிக்கவிட்டு, அசலைத் தான் மாற்றிக்கொள்கிறான். கடையில் பங்கு போட அம்மா கொடுத்த 1,000 டாலரில் தனக்குக் கார் வாங்கியவன். மருமகளைத் தாயின் கண்ணில் ஒரு நிமிடம் காட்ட கேடியிடம் 100 டாலர் வாங்கிக்கொண்டு, வண்டியிலிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டியபடி நிற்காமல் ஓட்டிப் போனவன். சர்க்கஸ் பார்க்க ஏங்கும் லஸ்டரின் முன்னால், தனக்கு வேண்டாத இலவச டிக்கெட்டுகளை அடுப்பில் போடுகிறவன்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவனே சொல்கிறான். மறைக்கவில்லை, தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சொல்கிறான். ஜேஸன் தரும் தகவல்கள் பெரும்பாலும் சரி. தப்பு அவன் போடும் தீர்ப்பில். குற்றவாளிகள் எல்லோரும் வெளியே: அக்கா, மருமகள், கறுப்பர்கள், நியூயார்க் பங்குச் சந்தையின் யூதர்கள். உழைத்து இந்தக் குடும்பத்தைச் சுமக்கும் ஏமாளி தான் ஒருவன்தான். தகவலில் நம்பகமின்மை வேறு, மதிப்பீட்டில் நம்பகமின்மை வேறு என்ற வேறுபாட்டுக்கு இவனைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அவன் காலம் கலையவில்லையே என்று கேட்கலாம். வேறு மாதிரிக் கெட்டிருக்கிறது. பருத்திச் சந்தை நிலவரத் தந்திக்கு ஓடுகிறான், கடைக்கு ஓடுகிறான், மருமகளைத் துரத்திக் காரில் ஓடுகிறான். எல்லா இடத்துக்கும் தாமதமாகவே போய்ச் சேருகிறான். 1910-இல் கைநழுவிய பேங்க் வேலைக்காக ஒவ்வொரு நாளும் வட்டி வசூலித்துக்கொண்டிருப்பவன். குவென்டின் காலத்தை நிறுத்தப் பார்த்தான்; இவன் அதைப் பணமாக மாற்றப் பார்க்கிறான்.

சுருக்கமாக: பெஞ்சிக்குப் புரியாது, குவென்டினுக்குத் தாங்காது, ஜேஸன் ஒப்புக்கொள்ள மாட்டான். நம்பகமின்மை மூன்று விதம், காலமும் மூன்று விதம்.

## வெளியிலிருந்து ஒரு பார்வை

நான்காம் பகுதியில் ‘நான்’ போய்விடுகிறது. விடியற்காலை, குளிர், டில்ஸி தன் குடிசையிலிருந்து வெளியே வருகிறாள். முதல் பகுதி முழுக்க உள்ளே இருந்து கேட்ட பெஞ்சியை இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறோம்: பெருத்த உடல், தொளதொளத்த நடை, வெளிர்நீலக் கண்கள். அவன் அழுகை பிறர் காதுக்கு எப்படியிருக்கும் என்றும் இப்போதுதான் தெரிகிறது. ஜேஸனும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரிகிறது; ஒரே முகச்சாயல்.

சமையலறையில் ஒரு சுவர்க்கடிகாரம், ஒரே ஒரு முள்ளோடு. அது ஐந்து அடிக்கிறது. “மணி எட்டு” என்கிறாள் டில்ஸி. அந்த வீட்டில் தப்பான கடிகாரத்தை வைத்துக்கொண்டு சரியான நேரம் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஈஸ்டர் பிரசங்கம் கேட்டு அழுதுகொண்டே வருகிறவள், முதலையும் பார்த்தேன், முடிவையும் பார்த்தேன் என்கிறாள். குடும்பத்தின் கதையை வரிசையாகச் சொல்லக்கூடியவள் அவள். ஆனால் அவளுக்கு ‘நான்’ என்று பேச ஒரு பகுதி கொடுக்கப்படவில்லை. அவளை வெளியே நின்று மதிப்போடு வரைகிறார் ஃபாக்னர், உள்ளே போகவில்லை. வெள்ளை எழுத்தாளரின் தயக்கமா, எல்லையா என்ற கேள்வி நியாயமானது.

இன்னொருத்திக்கும் பகுதி கிடையாது. மூன்று சகோதரர்களும் பேசுவது கேடியைப் பற்றித்தான், கேடி பேசுவதில்லை. பெஞ்சிக்கு அவள் வாசனை, குவென்டினுக்கு மானம், ஜேஸனுக்குப் பறிபோன வேலை. மூவர் சொல்வதையும் கூட்டினாலும் அவள் வருவதில்லை. நடந்ததைச் சொல்லும் ஆளாக அவளைச் சுருக்க மனம் வரவில்லை என்ற பொருளில் ஃபாக்னர் பிற்பாடு விளக்கம் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் வசதியானதாகவே படுகிறது. ஆனால் நாவலின் அமைப்புக்கு அவள் மௌனம் தேவை. அவள் பேசியிருந்தால் மற்ற மூவரையும் சரிபார்க்க ஒரு விடைத்தாள் கிடைத்திருக்கும், வாசகரின் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

## படிக்க உட்காருகிறவர்களுக்கு

முதல் பகுதியைத் தேதி குறித்துக்கொண்டு படிக்காதீர்கள். யாருடைய பெயர் வருகிறது, பெஞ்சி எதற்கு அழுகிறான் என்று மட்டும் பார்த்துப் போங்கள். நாவல் முடிந்ததும் திரும்பி வந்து படித்தால் அதே பக்கங்கள் வேறாகத் தெரியும். குவென்டின் என்ற பெயர் இரண்டு பேருக்கு என்பதை மறக்க வேண்டாம்: மாமன் ஆண், மருமகள் பெண். ‘அவன்’, ‘அவள்’ மாறிவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஃபாக்னர் 1946-இல் மால்கம் கௌலி தொகுத்த தன் படைப்புத் திரட்டுக்காகக் காம்ப்ஸன் குடும்ப வரலாற்றை ஒரு பிற்சேர்க்கையாக எழுதினார். 1699-இலிருந்து தொடங்கி யார் யாருக்கு என்ன ஆனது என்று பெயர்வாரியாகச் சொல்கிறது. உதவியாகத்தான் இருக்கும், ஆனால் சில இடங்களில் நாவலோடு ஒத்துப்போகாது. திருடுபோன தொகை 3,000 டாலர் என்று நாவலில் ஜேஸன் போலீஸ் ஷெரீஃபிடம் சொல்கிறான். பிற்சேர்க்கையில் அது ஏறக்குறைய 7,000. திருட்டுப் பணத்தைத் திருடு கொடுத்தவன் உண்மைத் தொகையைச் சொல்ல முடியாதே என்று இதற்கு விளக்கம் உண்டு. மற்ற முரண்களுக்கு அப்படி விளக்கம் தேட வேண்டாம். பதினைந்து வருடங்களுக்கு மேல் கழித்து எழுதியதில் வந்த வேறுபாடுகள் அவை, ஆசிரியரும் அவற்றைச் சரிசெய்வதில் அக்கறை காட்டவில்லை. சில பதிப்புகளில் இந்தப் பிற்சேர்க்கையை நாவலுக்கு முன்னாலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பிரதி கையில் கிடைத்தால் அதைத் தாண்டிப் போய் ஏப்ரல் 7-இலிருந்து, வேலி ஓரத்திலிருந்து, தொடங்குங்கள்.